உருண்டைப் பந்தும் முட்டைப் பந்தும்

(சென்னை பாடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு மேட்ச் ஆடப் போனால், போன கூலியை யார் கொடுப்பது? லூகாஸ் டிவிஎஸ்ஸிலும் வீல்ஸ் இந்தியாவிலும் ஷிப்ட் பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிற பாடியில், இந்தக் கேள்விக்கு விளக்கவுரை தேவையில்லை. இதே கேள்விக்காகத்தான் 1895-இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு விளையாட்டு இரண்டாக உடைந்தது.

லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் ரக்பி ஆடியவர்கள் பலரும் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். அன்றைக்குச் சனிக்கிழமை காலையும் வேலை நேரம். மேட்ச்சுக்குக் கிளம்பினால் கூலி போச்சு. அந்த இழப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்கலாம் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. ரக்பி யூனியனை நடத்திய கனவான்கள் முடியாது என்றார்கள். ஆட்டத்துக்குக் காசு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்பது அவர்கள் கட்சி. வக்கீலுக்கும் பண்ணையாருக்கும் ஷிப்ட் ஏது? 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுதான் பின்னால் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் ஆனது. பதினைந்து பேர் ஆடும் பழைய ஆட்டம் ரக்பி யூனியன் என்றே நின்றது.

பிரிந்ததோடு விட்டார்களா? லீக் பக்கம் போய்க் காசு வாங்கியவனை யூனியன் வாழ்நாள் முழுக்கத் தள்ளி வைத்தது. ஏறத்தாழ ஊர் விலக்கு மாதிரிதான். வேல்ஸ் அணியின் கேப்டனாக இருந்த ஜோனதன் டேவிஸ் 1989-இல் விட்னஸ் என்ற லீக் கிளப்புக்குப் போனார். அவர் பழைய ஆட்டத்துக்குத் திரும்ப முடிந்தது 1995-இல், யூனியனே சம்பளம் வாங்குவதை ஒப்புக்கொண்ட பிறகு. சரியாக நூறு வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

ரக்பியும் ஒரு வகைக் கால்பந்துதான். ஆக, ஒரு வகைக் கால்பந்து ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன வீரர்களைப் பற்றிப் பேசும்போது, திறமையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வரும். காலும் கையும் ஓரளவுக்குப் புது ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் வரை சோறு யார் போடுவது என்பதுதான் மீதிக் கதை. அதற்கு இரண்டு அயர்லாந்துக்காரர்கள் நல்ல சாட்சி: ஜிம் ஸ்டைன்ஸ், டைக் கெனலி.

முதலில் அவர்கள் ஊர் ஆட்டம். அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஒன்று உண்டு. பக்கத்துக்குப் பதினைந்து பேர். உருண்டைப் பந்து. காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம், குத்தலாம். கோல் கம்பம் ஆங்கில எழுத்து ஹெச் வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் அவர்கள் காலத்தில் ஒரு புள்ளி. இதை நடத்தும் கேலிக் தடகள சங்கம் 1884-இல் தொடங்கியது. நம் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தொடங்கிய அதே வருடம். இங்கே வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்கு ஒரு கிளப் கட்டிக்கொண்டார்கள். அங்கே ஆங்கிலேயர்களின் ஆட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஒரு சங்கம் கட்டினார்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. சங்கத்து உறுப்பினர் எவரும் சாதாரணக் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆடக்கூடாது, வேடிக்கை பார்க்கவும் கூடாது என்று விதி இருந்தது. 1938-இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், போலந்தோடு நடந்த சாதாரணக் கால்பந்து மேட்ச்சைப் பார்க்கப் போனார். நாட்டின் தலைவராயிற்றே, கூப்பிட்டார்கள், போனார். சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து அவரையே நீக்கினார்கள்! அந்தத் தடை 1971-இல்தான் நீங்கியது. டைக் கெனலியின் அப்பா டிம் கெனலி அப்போது பள்ளிப் பருவத்துப் பையன்.

இன்னொரு முக்கியமான சங்கதி: கேலிக் ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டப்ளினில் க்ரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு இறுதி ஆட்டம் பார்ப்பார்கள்; ஆடியவர் திங்கட்கிழமை வகுப்பெடுக்கப் போவார், பண்ணை வேலைக்குப் போவார், வங்கி கவுண்ட்டரில் உட்காருவார்.

இனி ஆஸ்திரேலியா. மெல்போர்னில் 1859-இல் கிரிக்கெட் வீரர்கள் சிலர் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கால்பந்து விதித்தொகுப்பை எழுதினார்கள். ஆஸ்திரேலிய ரூல்ஸ் என்று சொல்வது அதைத்தான். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், நீளமான முட்டைப் பந்து, இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. கேலிக் கால்பந்துக்கும் இதற்கும் சாயல் இருக்கிறது: இரண்டிலும் உயரே எம்பிப் பிடிக்க வேண்டும், ஓடிக்கொண்டே உதைக்க வேண்டும், பந்தைக் கையால் எறியக்கூடாது, குத்தித்தான் கொடுக்க வேண்டும்.

இந்தச் சாயலைப் பார்த்துத்தான் ரான் பராசி என்ற புகழ்பெற்ற பயிற்சியாளருக்கு யோசனை வந்தது. அவர் மெல்போர்ன் கிளப்பில் இருந்தார். அயர்லாந்தில் நல்ல உயரமான பையன்கள் சம்பளமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் கொண்டுவந்தால் என்ன? பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். டப்ளின் பையன் ஜிம் ஸ்டைன்ஸ் விண்ணப்பித்தார். 1984-இல் டப்ளின் இளையோர் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற கையோடு, அந்த நவம்பரில், பதினெட்டு வயதில் மெல்போர்னில் போய் இறங்கினார். உயரம் 199 சென்டிமீட்டர்.

இறங்கிய மறுநாளே யாரும் அவரை ஆட விடவில்லை. முட்டைப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. ஓடும்போது அதன் கூர்முனையை ஒரு தினுசாகத் தரையில் அடித்தால்தான் திரும்பக் கைக்கு வரும். உதைக்கும்போது நட்டுக்குத்தாகக் கீழே விட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பந்து கோணிக்கொண்டு போகும். தரையில் கிடக்கும் பந்தை எடுப்பதிலும் வித்தியாசம். கேலிக் ஆட்டத்தில் நேரே குனிந்து அள்ளக்கூடாது, கால் விரலைப் பந்தின் அடியில் கொடுத்து எழுப்பித்தான் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குனிந்து அள்ளலாம். சின்ன வயதிலிருந்து காலைக் கொடுத்துப் பழகியவனுக்கு அள்ளலாம் என்பதே நினைவுக்கு வராது. அதற்குள் எதிரி தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஸ்டைன்ஸ் கிளப்பின் இளையோர் அணியில் ஆடினார், பிறகு பிரஹ்ரான் என்ற இரண்டாம் நிலை கிளப்புக்கு அனுப்பப்பட்டார். முதல் அணியில் இறங்கியது 1987-இல். இடைப்பட்ட இரண்டரை வருடமும் கிளப் அவரைத் தாங்கியது.

அதே 1987 செப்டம்பரில் ஒரு சம்பவம். மெல்போர்ன் கிளப் 1964-க்குப் பிறகு முதல் முறையாக நாக் அவுட் சுற்றுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு வெற்றி, அப்புறம் இறுதி ஆட்டம். எதிரில் ஹாதார்ன் கிளப். கடைசி நொடிகளில் மெல்போர்ன் நான்கு புள்ளி முன்னால் இருக்கிறது. ஹாதார்ன் வீரர் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. சங்கு ஊதிவிட்டது, இந்த ஒரு உதைதான் பாக்கி. தூரமோ அதிகம், எட்டாது என்றே பலரும் நினைத்தார்கள். அந்த நேரத்தில் ஸ்டைன்ஸ், தன் பக்கம் ஆளில்லாமல் நிற்கும் இன்னொரு எதிரியைப் பிடிக்க ஓடினார். ஓடிய வழி, உதைக்கப் போகிறவருக்கும் அவர் எதிரே காவல் நிற்பவருக்கும் நடுவில்! ஆஸ்திரேலிய ஆட்டத்தில் அந்த இடைவெளியில் எதிரணிக்காரன் கால் வைக்கக்கூடாது. அங்கே பிறந்த பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். நடுவர் பதினைந்து மீட்டர் தண்டனை கொடுத்தார். பக்கனாரா பதினைந்து மீட்டர் முன்னால் வந்து உதைத்தார். ஆறு புள்ளி. ஹாதார்ன் 80, மெல்போர்ன் 78.

விதிப்புத்தகத்தில் இருப்பது வேறு, பதற்றத்தில் கால் எங்கே போகிறது என்பது வேறு. ஆட்டம் மாறுகிறவர்களின் கஷ்டம் முழுவதும் அந்த நாலைந்து எட்டுக்குள் இருக்கிறது. பல இடங்களில் அந்தப் பையனை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். மெல்போர்ன் வைத்துக்கொண்டது. 1991-இல் ஸ்டைன்ஸ், அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ மெடலை வாங்கினார். அயர்லாந்தில் வளர்ந்து வந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இடையில் ஒரு ஆட்டமும் விடாமல் தொடர்ந்து 244 ஆட்டம் ஆடினார், அது 2025 வரை சாதனையாக நின்றது. பின்னால் கடனில் மூழ்கிய அதே கிளப்புக்கு 2008-இல் தலைவராக வந்து கடனையும் அடைக்க வழி செய்தார். புற்றுநோயால் 2012 மார்ச்சில், 45 வயதில் மறைந்தார். விக்டோரியா மாநிலம் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. இரண்டரை வருடச் சாப்பாட்டுச் செலவுக்கு அந்தக் கிளப்புக்குக் கிடைத்தது இது!

ஸ்டைன்ஸ் ஒரு வழிப் பயணம் போனவர். கெனலி போய், திரும்பி வந்து, மறுபடியும் போனவர்.

கெர்ரி மாவட்டத்தில் லிஸ்டோவல் என்ற சிற்றூர். டிம் கெனலி அந்த மாவட்டத்துக்கு ஆடி ஐந்து முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர், 1979-இல் கேப்டன். அண்ணன் நோயல் 2000-இல் அதே பட்டத்தை வாங்கினார். அப்படிப்பட்ட வீட்டில் 1981-இல் பிறந்த டைக், 1999-இல் பதினெட்டு வயதில் சிட்னி ஸ்வான்ஸ் கிளப்புக்குப் போனார். அங்கேயும் பயிற்சி இரண்டு வருடம். 2001-இல் முதல் ஆட்டம். பின்களத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு பாய்ந்து வருவதில் பேர் வாங்கினார். 2005 செப்டம்பரில் இறுதி ஆட்டத்தில் ஸ்வான்ஸ் நான்கே புள்ளி வித்தியாசத்தில் வெஸ்ட் கோஸ்ட்டை வென்றது. அந்தக் கிளப்புக்கு 72 வருடத்துக்குப் பிறகு கிடைத்த பட்டம். மேடையில் மெடலை வாங்கிக்கொண்ட கெனலி, அத்தனை பேர் முன்னால் அயர்லாந்து நாட்டுப்புற நடனம் ஆடிக் காட்டினார்.

அந்த டிசம்பரில் அப்பா காலமானார். வயது 51.

2009 தொடக்கத்தில் கெனலி சிட்னியை விட்டு ஊருக்குக் கிளம்பினார். கணக்குப் பார்க்கிற எவருக்கும் இது புரியாது. வயது 27, ஆட்டத்தின் உச்சம், கையில் நல்ல சம்பளம். போவதோ சம்பளமே இல்லாத ஆட்டத்துக்கு. அப்பாவும் அண்ணனும் வாங்கிய மெடல் தன் கழுத்திலும் விழ வேண்டும், அவ்வளவுதான். பத்து வருடம் முட்டைப் பந்தை ஆடிய கால், மறுபடி உருண்டைப் பந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2009 செப்டம்பர் 20 அன்று க்ரோக் பார்க்கில் கெர்ரி, கார்க் அணியை வென்றது. ஆஸ்திரேலிய லீக் பட்டம், அகில அயர்லாந்துப் பட்டம் இரண்டையும் வென்ற முதல் ஆள் ஆனார் கெனலி.

கொஞ்சம் கசப்பும் உண்டு. அந்த இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கார்க் வீரர் ஒருவர் மேல் அவர் மோதிய மோதல் பெரிய சர்ச்சையானது. அப்பாவின் ஆசைக்காக வந்த மகன் என்று தலையில் தூக்கி வைத்த ஊரிலேயே, ஆஸ்திரேலியாவின் முரட்டுத்தனத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்றும் பேசினார்கள். அதுவும் நியாயமான புகார்தான்.

அடுத்த வருடம் ஸ்வான்ஸ் கதவைத் திறந்தே வைத்திருந்தது. 2010, 2011 இரண்டு பருவம் ஆடி, மொத்தம் 197 ஆட்டத்தோடு விடைபெற்றார். கெனலியின் திறமையை எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தத் திறந்த கதவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 1895-இல் ரக்பி யூனியன் மூடிய கதவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வழியில் பிறகு பலர் போயிருக்கிறார்கள். மேயோ மாவட்டத்தின் கோரா ஸ்டாண்டன், நான்கு அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற பெண், 36 வயதில் ஆஸ்திரேலியப் பெண்கள் லீக்கில் அறிமுகமானார். ஸ்டைன்ஸின் 264 ஆட்டக் கணக்கைத் தாண்டி ஸாக் டூஹி 288 வரை போனார். எல்லாருக்கும் கைகூடியது என்று நினைத்துவிட வேண்டாம். ரக்பி லீக்கின் பெரிய நட்சத்திரம் இஸ்ரேல் ஃபோலாவைப் பெரும் பணம் கொடுத்து ஒரு புதிய ஆஸ்திரேலிய ரூல்ஸ் கிளப் இழுத்தது. 2012-இல் 13 ஆட்டத்தோடு அந்த அத்தியாயம் முடிந்து, அவர் ரக்பி யூனியனுக்குப் போய்விட்டார். இன்னொரு ரக்பி லீக் நட்சத்திரம் ஜாரட் ஹேன், 2015-இல் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போய் எட்டே ஆட்டம் ஆடினார். பணம் இருந்தது, காத்திருக்க நேரம் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ரக்பி, சாதாரணக் கால்பந்து இரண்டிலும் கால் வைத்த மிகப் பழைய இந்திய உதாரணம் ஒரு கிளப். கல்கத்தாவில் 1872 கிறிஸ்துமஸ் அன்று வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. ஐந்தாறு வருடத்தில் ஆள் குறைந்து ஆட்டம் நின்றுபோனது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாயை உருக்கி, பாம்புக் கைப்பிடியும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் வருடா வருடம் ரக்பியில் மோதிக்கொள்வது அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான். பின்னால் உயிர்பெற்ற அதே கிளப் சாதாரணக் கால்பந்துக்கு மாறி ஐ.எஃப்.ஏ. ஷீல்டைப் பல முறை வென்றது.

நம் ஊரில் இரண்டு பந்து ஆடி, இரண்டிலும் நாட்டுக்காக இறங்கியவர்களில் ஒருவர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கத்து மொரப்பாக்கத்தில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவருடையவை கால்பந்து அல்ல, கிரிக்கெட்டும் ஹாக்கியும். சிக்கல் மட்டும் அதேதான். கிரிக்கெட்டில் அவரைக் கண்டெடுத்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பர்மா ஷெல் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். ஆட்டமும் சம்பளமும் ஒன்றாக ஓடியது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். அதே வருடம் நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக, ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவர்தான். 1935-இல் தியான் சந்த் தலைமையில் ஹாக்கி அணியோடு நியூசிலாந்துப் பயணம். ஆடிய 48 ஆட்டத்திலும் வெற்றி.

1936-இல் இரண்டு அணிகளின் கப்பலும் ஒரே கோடையில் கிளம்பின. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கிற்கு, இன்னொன்று கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்கு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் போன அந்த அணி உட்பூசலுக்குப் பேர் போனது. மூன்று டெஸ்ட்டில் ஒன்றில்கூட கோபாலனை இறக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. கோபாலனுக்குக் கடைசிவரை ஒரே டெஸ்ட்தான். 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார். அவர் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதுவது இப்போது சுலபம். இரண்டையும் ஆட வழி செய்யாதவர்களைக் கேட்பது இன்னும் நியாயம்.

இன்றைக்கு நிலைமை என்ன? இங்கிருந்து வில்லிவாக்கம் தாண்டினால் ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை. ரயில் பெட்டியோடு சேர்த்து விளையாட்டு வீரர்களையும் வளர்த்த இடம். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எந்த ஆட்டத்தில் சான்றிதழ் என்று கேட்டுத்தான் ஆளை எடுக்கிறார்கள். கால்பந்துச் சான்றிதழோடு வந்தவர் கால்பந்துக்காரர். இருபத்திரண்டு வயதில் அவருக்கு ரக்பி நன்றாக வரும் என்று யாராவது கண்டுபிடித்தால், அதைச் சொல்லிக்கொண்டு போக ஒரு மேஜை இல்லை.

ரக்பி என்றவுடன் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 2025 ஜூனில் மும்பை அந்தேரியில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் வடிவம். பட்டம் வென்றது நம் ஊர்ப் பெயர் தாங்கிய சென்னை புல்ஸ், இறுதியில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று நொறுக்கித் தள்ளியது. ஏழு பேர் ரக்பி ஒலிம்பிக் ஆட்டமும்கூட. இந்தியாவில் அதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்டத்திலிருந்து வருகிறவர்களே. 2019-இல் சர்வதேச இளம் வீராங்கனை என்று பாராட்டப்பட்ட பீகாரின் ஸ்வீட்டி குமாரி, ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்தவர். வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் விங்கில் பறக்கிற கால்பந்துப் பையன்களும், கபடியில் ஆளைக் கட்டிப் பிடிக்கப் பழகியவர்களும் நம்மிடம் ஏராளம். அவர்களில் எத்தனை பேருக்கு முட்டைப் பந்து ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறோம்?

பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் விளையாட்டுக் குழு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பையனோ பெண்ணோ ஆட்டம் மாறிப் பார்க்கிறேன் என்று வந்தால், முதல் இரண்டு வருடம் சான்றிதழ் கேட்காதீர்கள், சம்பளத்தை நிறுத்தாதீர்கள். அது ஒத்துவராமல் பழைய ஆட்டத்துக்கே திரும்பி வந்தால், பழைய இடத்தைக் கொடுங்கள். நியமன உத்தரவில் இதற்கு இரண்டு வரி போதும். எழுதித் தரத் தொழிற்சங்கத்துக்காரர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.